ரெஜினாவின் இடது கை

நான் கடைசியாக வேலை பார்த்த வார்டுக்கு இப்போது பொறுப்பாக இருக்கும் பிரேமா சென்ற மாதம் போனில் கூப்பிட்டாள். நர்ஸுகள் சேர்ந்து ஒரு மலர் கொண்டுவருகிறார்களாம். அதில் நான் எழுத வேண்டுமாம்.

"நல்ல விஷயமா எழுதுங்க சிஸ்டர். புதுசா வந்திருக்க பிள்ளைங்க படிச்சா ஒரு தெம்பு வரணும்" என்றாள்.

எனக்கே தெம்பில்லை என்று வாய்வரை வந்தது. முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. நாலு படி ஏறினால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். வீட்டில் இருந்தால் களைப்பு தீரும் என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டு வருஷமாகியும் தீரவில்லை.

போனை வைப்பதற்கு முன் அவள் இன்னொன்றும் கேட்டாள். "நீங்க மட்டும் ஏன் சிஸ்டர் மருந்து ஏறி முடியுற வரைக்கும் ஸ்டூலைப் போட்டுப் பக்கத்துலயே உக்காந்திருப்பீங்க? கடைசி ரெண்டு வருசம்லாம் எல்லாருக்கும் போர்ட்டுதான. பயமே இல்லையே."

போர்ட் என்பது காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில் பதிக்கும் சின்ன டப்பி. புற்றுநோய் மருந்தை அதில் ஏற்றினால் நேரே பெரிய இரத்தக் குழாய்க்குப் போய்விடும். நான் அந்த வார்டுக்கு வந்த காலத்தில் அது எங்களுக்குக் கிடையாது. கை நரம்பில்தான் எல்லா மருந்தும். பிரேமா கேட்ட கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். படிக்கிறவர்களுக்குத் தெம்பு வருமா என்று தெரியாது.

எனக்குச் சொந்த ஊர் நாசரேத். எங்கள் தெருவில் பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் முடித்தால் டீச்சர், இல்லையென்றால் நர்ஸ். அக்கா டீச்சர் ஆனாள், நான் நர்ஸ் ஆனேன். அதற்கு மேல் அதில் யோசனை ஒன்றும் கிடையாது. பயிற்சி முடித்து, பிரசவ வார்டில் சில வருஷம், அறுவை சிகிச்சை வார்டில் பல வருஷம் என்று ஓடிய பிறகு, தூத்துக்குடியில் புற்றுநோய் மருந்து ஏற்றும் வார்டுக்கு மாற்றினார்கள். அந்த வார்டுக்கு யாரும் கேட்டுப் போக மாட்டார்கள். மருந்தைக் கலக்கும்போது வரும் வாடையில் தலை சுற்றும். நோயாளிகள் மாதக் கணக்கில் வருவார்கள். பெயர் தெரிந்துவிடும், பிள்ளைகளின் பெயர் தெரிந்துவிடும், அப்புறம் ஒரு நாள் வர மாட்டார்கள்.

அங்கே பொறுப்பில் இருந்தவர் லலிதா சிஸ்டர். ஏரல்காரர். குள்ளமான உருவம், மூக்கு நுனியில் கண்ணாடி. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அதனாலேயே அவரிடம் எல்லோருக்கும் பயம். எதைச் சொன்னாலும் அவரிடமிருந்து ஒரே கேள்விதான் வரும்.

"பார்த்தியா, நெனச்சியா?"

நோயாளி வாந்தி எடுக்கவில்லை என்று சொன்னால், "பார்த்தியா, நெனச்சியா?" பாட்டிலில் இன்னும் நூறு மில்லி இருக்கிறது என்றால், "பார்த்தியா, நெனச்சியா?" நினைத்தேன் என்று ஒப்புக்கொண்டால் திட்ட மாட்டார். "போய்ப் பார்த்துட்டு வா" என்பார். பார்த்ததாகப் பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் அன்று முழுவதும் நம்மிடம் பேச மாட்டார்.

முதல் ஒரு மாதம் என்னை ஊசியைத் தொடவே விடவில்லை. நோயாளியின் முன்கையை வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் வைத்து, துடைத்து, விரலால் தடவி நரம்பைக் கண்டுபிடிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. கண்ணுக்குத் தெரிகிற நரம்பை நம்பக் கூடாது, விரலுக்கு அகப்படுகிற நரம்பைத்தான் நம்ப வேண்டும் என்பார். மார்பில் அறுவை சிகிச்சை நடந்த பக்கத்துக் கையைத் தொடவே கூடாது, அந்தக் கை வீங்கிவிடும். மணிக்கட்டிலும் முழங்கை மடிப்பிலும் போடக் கூடாது.

மார்புப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்துகளில் ஒன்று சிவப்பாக இருக்கும். ரோஸ்மில்க் நிறம். அதற்கு மட்டும் லலிதா சிஸ்டர் தனிச் சட்டம் வைத்திருந்தார். முதலில் உப்புத் தண்ணீர் பாட்டிலை வேகமாக ஓடவிட வேண்டும். சிவப்பு மருந்தைச் சிரிஞ்சில் எடுத்து, பக்கத்துக் குழாய் வழியாகக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ள வேண்டும். இரண்டு மில்லி உள்ளே போனதும் பிஸ்டனைச் சற்றுப் பின்னால் இழுத்து, இரத்தம் திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் ஊசி நரம்புக்குள் இருக்கிறது. நோயாளியிடம், "எரியுதா? இறுக்குதா?" என்று கேட்க வேண்டும். பிறகு இன்னொரு இரண்டு மில்லி. இருபது நிமிஷம் பிடிக்கும். அந்த இருபது நிமிஷமும் ஸ்டூலை விட்டு எழும்பக் கூடாது. நரம்புக்கு வெளியே கசிந்துவிட்டால் அந்த மருந்து சதையைத் தின்றுவிடும். இன்றைக்குச் சிவப்பு, நாளைக்குக் கொப்புளம், இரண்டு வாரத்தில் கறுப்பு.

"மருந்து உள்ள போறவரைக்கும் நம்ம கை. வெளிய போயிட்டா யார் கையிலயும் இல்ல" என்பார்.

நான் அந்த வார்டில் ஆறு வருஷம் முடித்திருந்தபோது ரெஜினா வந்தார்.

புன்னைக்காயல்காரர். நாற்பத்தொரு வயது. வீட்டில் தையல் மெஷின் வைத்து, ஊர்ப் பிள்ளைகளுக்குக் கோயிலில் முதல் நன்மை, அதாவது முதல் தடவை நற்கருணை, வாங்கும்போது உடுத்தும் வெள்ளைக் கவுன் தைப்பார். கணவர் சேவியர், மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானச் சாமானும் ஏற்றிப் போகும் தோணியில் வேலை. போனால் திரும்பிவர வாரக்கணக்காகும். ஒரே மகள் ஆன்சி. தூத்துக்குடியில் ஒரு பள்ளியின் ஹாஸ்டலில் தங்கி பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள்.

ரெஜினாவுக்கு வலது மார்பை எடுத்திருந்தார்கள். ஆகவே இடது கைதான் எங்களுக்கு மிச்சம். இருபத்தொரு நாளுக்கு ஒரு முறை என்று நான்கு தடவை சிவப்பு மருந்து. சேவியரின் தங்கை பிரிசில்லா ஒவ்வொரு தடவையும் கூட வருவார். அண்ணன் பெண்டாட்டியை "மைனி, மைனி" என்று அழைத்துக்கொண்டு, தண்ணீர் பாட்டிலும் பிளாஸ்டிக் வாளியுமாகப் பின்னாலேயே நடப்பார்.

முதல் நாளே ரெஜினா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "சிஸ்டர், எம் மவளுக்கு இது தெரியாது. கர்ப்பப்பை ஆபரேசன்னு சொல்லி வச்சிருக்கேன். அவ பரீட்சை முடியுற வரைக்கும் தெரியக்கூடாது."

"முடி கொட்டுமேம்மா. அதுக்கு என்ன சொல்லுவீங்க?"

"அதுக்கும் யோசிச்சு வச்சிருக்கேன். ஆன்சி நல்ல மார்க் எடுக்கணும்னு வேளாங்கண்ணிக்கு நேந்து மொட்டை போட்டுட்டேன்னு சொல்லப்போறேன்."

பிரிசில்லா தலையை ஆட்டினார். "நான் சொன்னா மைனி கேக்க மாட்டேங்காவ சிஸ்டர். அண்ணனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பிள்ளைக்கு மட்டும் தெரியக்கூடாதாம்."

"ஏன்?" என்று கேட்டேன்.

ரெஜினா என் கையை விட்டார். பிறகு சொன்னார். "எங்கம்மாவுக்கும் இதே நோவுதான். நான் பத்தாங்கிளாஸ் எழுதாம ஆஸ்பத்திரியில உக்காந்துட்டேன். அதுக்குப் பொறவு பள்ளிக்கூடம் போகவே இல்ல. இவளும் அப்படி வந்து உக்காரக்கூடாது சிஸ்டர். அதுக்குத்தான்."

இரண்டாவது தடவை வந்தபோது தலை மழித்து, சேலைத் தலைப்பை முக்காடாகப் போட்டிருந்தார். ஆன்சி நம்பிவிட்டாள் என்றார். நம்பியது மட்டுமில்லை, அம்மா தனக்காக முடியைக் கொடுத்துவிட்டாள் என்று ஹாஸ்டலில் எல்லோரிடமும் சொல்லி, காலை நாலு மணிக்கே எழும்பிப் படிக்கிறாளாம். இதைச் சொல்லும்போது ரெஜினாவின் முகத்தில் சந்தோஷமும் இருந்தது, பொய் சொன்ன உறுத்தலும் இருந்தது.

மூன்றாவது தடவை வந்தது அரையாண்டுத் தேர்வு விடுமுறை தொடங்கும் நாள். ஆன்சியை மூன்று மணிக்கு ஹாஸ்டலிலிருந்து கூட்டிக்கொண்டு, பஸ் ஏற்றி, ஊருக்கு அழைத்துப் போக வேண்டும். அதற்குள் மருந்து முடிந்துவிட வேண்டும் என்று ரெஜினா காலையிலிருந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று வார்டில் பதினோரு பேர். லலிதா சிஸ்டர் அலுவலகத்தில் கூட்டத்துக்குப் போயிருந்தார். நானும் இன்னொரு நர்ஸும்தான்.

நரம்பு சரியாகவே கிடைத்தது. முன்கையின் கீழ்ப்பாகத்தில், மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே. முதல் ஆறு மில்லி கையால்தான் தள்ளினேன். இரத்தம் திரும்பி வந்தது. எரிகிறதா என்று கேட்டேன், இல்லை என்றார். அப்போது எதிர்ப் படுக்கையில் ஒரு பெண் மூச்சு விட முடியாமல் திணறினார். மருந்து ஒவ்வாமல் உடம்பெல்லாம் தடித்துவிட்டது. உடன் இருந்த நர்ஸ் புதியவள், "சிஸ்டர், சிஸ்டர்" என்று கத்தினாள்.

நான் செய்தது இதுதான். சிரிஞ்சில் மீதியிருந்த சிவப்பு மருந்தை உப்புத் தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டு, அதுவாகவே சொட்டும்படி வைத்துவிட்டு எழுந்தேன். மருந்தை அப்படியே நிறுத்தி, குழாயை மூடிவிட்டுப் போயிருக்கலாம். அதற்கு அரை நிமிஷம்கூட ஆகாது. மூன்று மணிக்குள் முடிய வேண்டுமே என்று எனக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்தது. நல்ல நரம்பு, ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். பார்க்கவில்லை, நினைத்தேன்.

அந்தப் பெண்ணுக்கு ஊசி போட்டு, ஆக்ஸிஜன் வைத்து, டாக்டர் வந்து, மூச்சு சீராக இருபத்தைந்து நிமிஷம் ஆனது. அவர் பிழைத்துக்கொண்டார். அதைச் சொல்லி என்னைத் தேற்றியவர்கள் உண்டு. ஆனால் அவருக்காக எழுந்ததில் தப்பில்லை. மருந்தை ஓடவிட்டு எழுந்ததில்தான் தப்பு.

திரும்பி வந்தபோது ரெஜினா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்கையில் அரை எலுமிச்சம்பழம் வைத்த மாதிரி வீக்கம். தோல் சிவந்து பளபளத்தது. பாட்டில் காலியாக இருந்தது.

"எரியலையா?" என்று கேட்டேன்.

"எரிஞ்சுச்சு" என்றார். "சொன்னா ஊசியைப் புடுங்கிட்டு மறுபடியும் முதல்லருந்து குத்துவீங்க. நேரமாயிருமே. ஆன்சி நிப்பாளே."

பிரிசில்லா அப்போதுதான் மருந்துக் கடையிலிருந்து திரும்பி வந்தார். அந்தக் கையைப் பார்த்ததும், "சேசுவே!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

ஊசியை எடுக்காமல், அதன் வழியாகவே சிரிஞ்சால் இழுக்க முடிந்ததை இழுத்தேன். கொஞ்சம்தான் வந்தது. வீக்கத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டேன். ஐஸ் வைத்துக் கையை உயர்த்திக் கட்டினேன். பிறகு குறிப்பேட்டில், "ஊசி போட்ட இடத்தில் லேசான வீக்கம், ஐஸ் வைக்கப்பட்டது" என்று எழுதினேன்.

லலிதா சிஸ்டர் வந்து அதைப் படித்தார். ரெஜினாவின் கையைப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து பேனாவின் மூடியைத் திறந்து என் முன்னால் வைத்தார்.

"லேசான-ன்னு எழுதினா அந்தக் கை லேசா ஆறிருமா, கிரேஸ்?"

நான் பேனாவை எடுத்தேன்.

"என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு எழும்பினே, எத்தனை மணிக்குத் திரும்பி வந்தே. எழுது. எழுதிட்டு வா. அவங்ககிட்ட சொல்லணும்."

எழுதினேன். அவர் பின்னால் போய் நின்றேன். அவர் ரெஜினாவிடம் ஒளிக்காமல் சொன்னார். "எங்க வார்டுல தப்பு நடந்துட்டும்மா. மருந்து வெளிய கசிஞ்சிருக்கு. புண்ணாகலாம். தெனமும் வந்து காட்டணும்." சொல்லிவிட்டு ஒரு கணம் நிறுத்தினார். இப்போது நினைக்கும்போது, நான் வாயைத் திறப்பதற்காகத்தான் அவர் நிறுத்தினார் என்று தெரிகிறது. நான் திறக்கவில்லை. ரெஜினா என்னை ஒரு தடவை பார்த்தார், பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றே கால்.

மகளிடம் அந்தக் கைக்கும் ஒரு பொய் சொன்னார். வெந்நீர் கொட்டிவிட்டது என்று. மறுநாளே கொப்புளம் வந்தது. அப்புறம் நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தோல் கறுத்தது. நான்தான் தினமும் கட்டுப் போட்டேன். அவர் வலித்தாலும் கத்த மாட்டார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அந்த நாட்களில் ஒரு மதியம் வார்டு போன் அடித்தது. மாலத்தீவிலிருந்து சேவியர். காற்றின் இரைச்சலில் குரல் விட்டு விட்டுக் கேட்டது.

"சிஸ்டர், நான் ரெஜினா வீட்டுக்காரர் பேசுதேன். அவ கையில என்னமோ ஆச்சுன்னு தங்கச்சி சொல்லுதா. என்ன சிஸ்டர் ஆச்சு?"

சொன்னேன். மருந்து கசிந்ததைச் சொன்னேன், புண் ஆழமாகிறது என்பதைச் சொன்னேன்.

"யாரு பாத்துக்கிட்டு இருந்தா அப்போ?"

"வார்டுல அன்னைக்குக் கூட்டம் அதிகம்" என்றேன்.

பிறகு அவர் சொன்னார். "சிஸ்டர், நீங்கள்லாம் அவ பக்கத்துல நிக்கீங்கன்னுதான நான் இங்கன கடல்ல நிக்கேன்."

அத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது. அவர் வைத்தாரா, அதுவாகவே அறுந்ததா, தெரியாது.

ஆன்சி விடுமுறை முடிந்து ஹாஸ்டலுக்குப் போக வேண்டிய காலையில் வார்டு வாசலில் வந்து நின்றாள். யூனிஃபார்ம், முதுகில் பை, இரட்டைச் சடை. அம்மாவின் கைக்கட்டில் இரத்தம் கசிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, வெந்நீர்ப் புண் இப்படி இருக்காது என்று பிடிவாதமாகக் கூட வந்திருக்கிறாள். ரெஜினாவும் பிரிசில்லாவும் அவளுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். அவள் வாசலில் இருந்த பலகையை வாசித்தாள். வார்டுக்குள் வரிசையாக இருந்த மொட்டைத் தலைகளைப் பார்த்தாள்.

"சிஸ்டர், இங்க எல்லாருமே வேளாங்கண்ணிக்கு நேந்தவங்களா?" என்று என்னிடம் கேட்டாள்.

கேலியாகக் கேட்கவில்லை. பதினேழு வயதுப் பெண் அழாமல் இருப்பதற்காகக் கேட்ட கேள்வி அது. நான் ரெஜினாவைப் பார்த்தேன். இனி மறைக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"எனக்குப் புத்துநோய் ஆன்சி" என்றார். "நெஞ்சுல. ஆபரேசன் பண்ணிட்டாங்க. சரியாயிரும்."

"எப்ப?"

"நீ காலாண்டு எழுதுன சமயம்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அத்தைக்கு?"

பிரிசில்லா தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்காக மொட்டை போட்டேன்னு சொன்னியேம்மா. நான் அதைப் பள்ளிக்கூடம் பூராவும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே" என்றாள் ஆன்சி. "அப்ப நீ செத்துப் போனாலும் பரீட்சை முடிஞ்ச பொறவுதான் எனக்குச் சொல்லுவியா?"

ரெஜினா அவளைத் தொடப் போனார். கட்டுப் போட்ட கை. ஆன்சி ஒரு அடி பின்னால் போனாள். அன்று அவள் ஹாஸ்டலுக்குப் போகவில்லை. வீட்டுக்குப் போய், அதன் பிறகு அம்மாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். ஆனால் ஒவ்வொரு கட்டுக்கும் கூடவே வந்தாள். சுவரோரம் பெஞ்சில் இயற்பியல் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பக்கம் திரும்பாது. எது நடக்கக் கூடாது என்று ரெஜினா அத்தனை பொய் சொன்னாரோ, அது என் கண்முன்னால் நடந்துகொண்டிருந்தது.

நான்காவது தவணைக்கு ரெஜினா வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. இனி மருந்தே வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகப் பிரிசில்லா போனில் அழுதார். லலிதா சிஸ்டர் அன்று என்னை அழைத்து, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"ஏளா, நீ போய்ட்டு வா. வார்டு தப்புன்னு நான் சொன்னது என் கடமை. நீ சொல்ல வேண்டியது இன்னும் உன்கிட்டதான் இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் பூசை முடிந்த நேரத்துக்குப் புன்னைக்காயல் போய்ச் சேர்ந்தேன். ரெஜினா முன்னறையில் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மெஷின் மேல் துணி மூடியிருந்தது. ஆன்சி அடுப்படியில் ஏதோ நறுக்கிக்கொண்டிருந்தாள். காபி வேண்டாம் என்றேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. உட்கார்ந்தால் பேச்சு வேறெங்காவது போய்விடும் என்று பயம்.

"அன்னைக்கு மருந்தை ஓடவிட்டு எழும்பிப் போனது நான்தாம்மா. எழும்பக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் எழும்பினேன். அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்ல தைரியம் வரல."

ரெஜினா தன் கையில் இருந்த கட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

"தெரியும் சிஸ்டர்" என்றார். "நான் கண்ணைத் தொறந்துக்கிட்டுதான இருந்தேன். நீங்க பாட்டில்ல ஊத்துனதையும் பாத்தேன், போனதையும் பாத்தேன். எப்பச் சொல்லுவீங்கன்னுதான் தெனமும் உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

நான் மெஷினைப் பிடித்துக்கொண்டேன்.

"எரியுதுன்னு சொல்லாதது நானு. அதை நான் உங்க மேல போட மாட்டேன்" என்றார். "ஆனா இந்தக் கையில விரல் இனி நிமிராது சிஸ்டர். அதை என் மேலயும் போட்டுக்கிட மாட்டேன்."

இரண்டையும் அவர் ஒரே குரலில் சொன்னார். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"அப்ப மருந்துக்கு வாங்க. கையைத் தொட மாட்டோம். டாக்டர் கழுத்துப் பக்கம் குழாய் வச்சுத் தருவார்" என்றேன்.

"மருந்துக்குப் பயந்து வராம இருக்கேன்னு நெனச்சீங்களா?" குரல் தணிந்தது. "எம் மவ எங்கிட்டப் பேசி இருபது நாளாகுது. அவ பேசாம நான் பிழைச்சு என்ன செய்ய?"

அடுப்படியில் நறுக்கும் சத்தம் நின்றது. ஆன்சி கையைத் துடைத்தபடி வாசற்படியில் வந்து நின்றாள். அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துத்தான் பேசினாள்.

"எத்தனை மணிக்கு வரணும் சிஸ்டர்? நான் கூட்டிட்டு வாரேன்." பிறகு அதே குரலில், "அவங்களைச் சாப்பிட்டுட்டு வரச் சொல்லுங்க. போன தடவை வெறும் வயித்தோட வந்தாங்க" என்றாள்.

"அவங்க" என்றாளே ஒழிய அம்மா என்று சொல்லவில்லை. ஆனாலும் ரெஜினா அதற்கே அழுதுவிட்டார்.

நான்காவது தவணை அன்று ஒரு ஆள் வார்டு வாசலில் வந்து நின்றார். வெயிலில் கறுத்த முகம், கையில் துணிப்பை. தோணி கரை சேர்ந்ததும் துறைமுகத்திலிருந்து நேரே வந்திருக்கிறார்.

"சேவியர்" என்றார். "அந்த சிஸ்டர் யாரு?"

எந்த சிஸ்டர் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. சிரிஞ்சு என் கையில் இருந்தது.

"நான்தான்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்; திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் உள்ளே போய், ரெஜினாவின் செருப்பை எடுத்துக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு, மனைவியின் காலடியில் தரையில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் ஆன்சி, மறு பக்கம் ஸ்டூலில் நான். கழுத்தில் வைத்த குழாயில் இரண்டு மில்லிக்கு ஒரு தடவை இரத்தம் வருகிறதா என்று பார்த்தேன். எரிகிறதா என்று கேட்டேன். இருபது நிமிஷமும் அந்த மனிதரின் பார்வை என் விரல்களை விட்டு அகலவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ பேருக்கு மருந்து ஏற்றினேன். ஒரு தடவையும் ஸ்டூலை விட்டு எழுந்தது கிடையாது. போர்ட் வந்த பிறகும் எழுந்தது கிடையாது. பிரேமா, நீ கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான்.

ரெஜினாவின் முன்கையில் கறுத்த தோலை எடுத்துவிட்டு, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். அந்த அறுவை சிகிச்சை ஆன்சியின் பொதுத்தேர்வுக்கு முந்தின வாரம் நடந்தது. அவள் பரீட்சை எழுதினாள், தேர்ச்சி பெற்றாள். ஆனால் அவள் சேர நினைத்த படிப்புக்கு அந்த மார்க் போதவில்லை. பி.காம். படித்து இப்போது ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அம்மாவிடம் அவள் மறுபடி பேசத் தொடங்கியது எந்த நாள் என்று அவர்கள் இருவருக்குமே ஞாபகமில்லை. ஏதோ ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் தன்னால் நடந்துவிட்டதாம். ரெஜினாவுக்கு இடது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் நிமிராது. துணியைப் பிடித்து நகர்த்த வராது. மெஷினைப் பிரிசில்லாவுக்குக் கொடுத்துவிட்டார். சேவியர் தோணியை விட்டுவிட்டுத் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் காவல் வேலைக்குச் சேர்ந்தார்.

நோய் திரும்ப வரவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை சோதனைக்கு வருவார்கள். சேவியர் மனைவியை வார்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, வெளியே வண்டி நிறுத்தும் இடத்தில் போய் நிற்பார். எத்தனையோ வருஷம் அப்படி வந்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. வணக்கம் சொன்னால் தலையை மட்டும் அசைப்பார்.

நான் ஓய்வு பெறும் மாதத்திலும் அவர்கள் வந்தார்கள். ரெஜினாவுக்கு இரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு, நானாகவே வெளியே போனேன். சேவியர் வேப்பமரத்து நிழலில் நின்றுகொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"இந்த மாசத்தோட எனக்கு வேலை முடியுது அண்ணாச்சி" என்றேன். "சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அவர் தரையைப் பார்த்தார். பிறகு என்னை நேராகப் பார்த்தார். அந்த நான்காவது தவணை நாளுக்குப் பிறகு அப்படிப் பார்த்தது அப்போதுதான்.

"அப்ப அடுத்த வருசம் இவளை யாரு பாக்கது?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்டாரா, கவலையாகக் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. எத்தனையோ பேரின் பெயர்கள் வாய்வரை வந்தன. நல்ல பெண்கள், கெட்டிக்காரப் பெண்கள். யாருக்காகவும் என்னால் வாக்குக் கொடுக்க முடியவில்லை. ரெஜினா வருகிறவரை நாங்கள் இருவரும் அந்த மரத்தடியில் நின்றுகொண்டிருந்தோம்.